டொல்பின் வானுக்குள் வயர் தேடிய கதை

அப்பாவிடம் இப்போது இருக்கிற சொற்களை ஒரு கொப்பித் தாளில் எழுதிவிடலாம். தங்கச்சி எழுதியும் வைத்திருக்கிறாள். அந்தத் தாளில் முதலாவது சொல் ‘மீன்’. தண்ணிக்கும் மீன்தான், டீவி ரிமோட்டுக்கும் மீன்தான். சில நாள் நானும் மீன்.

2024 கார்த்திகையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலது கை சோர்ந்து போனது, பேச்சும் போனது. “அவருக்கு எல்லாம் விளங்குது மகள். சொல்லை எடுக்கிற வழிதான் பழுதாகியிருக்கு” என்று பேச்சுச் சிகிச்சை கொடுத்த மிஸ் சொன்னார். “ஓம், இல்லை என்டதுகூட மாறி மாறி வரும். வாயை நம்பாதீங்க. முகத்தையும் கையையும் பாருங்க.”

இதை ஏன் வான் பற்றிய கட்டுரையில் எழுதுகிறேன் என்றால், எங்கட வானின் வயரிங் முழுக்க அப்பாவின் தலைக்குள்தான் இருந்தது. ஒரு படம் இல்லை, ஒரு குறிப்பு இல்லை. எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு வாயைத் திறந்தால் மீன்தான் வருகிறது.

*

எங்களுடையது பழைய டொல்பின் ஹைரூப். கற்பிட்டியில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் கட்டுநாயக்க ஹயர், ஞாயிற்றுக்கிழமைகளில் தலவில புனித அன்னம்மாள் ஆலயம். 2019 ஈஸ்டரோடு வெளிநாட்டு ஹயர் நின்றது. 2020இல் கொவிட்டோடு பள்ளிக்கூட ஹயரும் நின்றது. பிறகு 2022. அந்த வருஷத்தைப் பற்றி இதை வாசிக்கிற யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

அந்த வருஷம் டீசல் வரிசையில் அப்பா ஒருமுறை மூன்று இரவு நின்றார். முதல் இரவு சீற்றில் சாய்ந்து தூங்கினார். இரண்டாவது இரவு பின்சீற்றுகளைக் கழற்றிவிட்டு யாரோ கொடுத்த பலகையைப் போட்டுப் படுத்தார். மூன்றாவது இரவு வெக்கை தாங்காமல் ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேனைப் பெட்டரியில் கொழுவினார். எங்கட வான் வீடானது இப்படித்தான். பிறகு கியூ.ஆர் வந்தது, வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். 20 லீற்றரில் கட்டுநாயக்க போகலாம், திரும்பி வர முடியாது. “ஓட முடியாத வானில படுக்கவாவது ஏலும்தானே” என்று அப்பா சொன்னார். பகிடிக்குத்தான் சொன்னார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் பிளைவூட் வாங்கி வந்தார்.

வெளிநாட்டில் இதை மோட்டர் ஹோம் என்பார்கள். எங்கட ஊரில் ‘படுக்கிற வான்’. ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய பெட்டரி, எல்.ஈ.டி லைட், ஃபேன், 12 வோல்ட்டில் ஓடும் சின்ன பிரிட்ஜ், ஒரு சிங்க், அதற்கு ஒரு தண்ணி பம்ப், லப்டொப் சார்ஜ் பண்ண ஒரு இன்வேர்ட்டர், கூரையில் 100 வொட் சோலார் தகடு. எல்லாம் அப்பாவின் கைவேலை. யூடியூப் பார்த்துப் பாதி, புத்தளத்தில் இருக்கிற ஒரு ஓட்டோ எலக்ட்ரிஷியன் நானாவிடம் கேட்டுப் பாதி.

2023இல் உல்லாசப் பயணிகள் திரும்ப வரத் தொடங்கினார்கள். மே தொடக்கம் ஐப்பசி வரை தென்மேற்குக் காற்று, குடாவப் பக்கமும் கந்தக்குழியப் பக்கமும் வானம் முழுக்க கைட். ஹோட்டலுக்குக் காசு குறைவான பிள்ளைகள் வானில் படுத்தார்கள். ஆகஸ்டில் தலவில திருவிழாவுக்கு நம்ம ஆட்களே வாடகைக்கு எடுத்தார்கள். மரத்துக்கடியில் டென்ட் அடித்து நாட்கணக்கில் தங்குகிற இடத்தில் ஃபேனும் பிரிட்ஜும் உள்ள வான் என்றால் சும்மாவா? அந்த வருமானத்தில்தான் நான் பேராதனையில் போர்டிங் காசு கட்டினேன்.

*

2025 மேயில் நான் லீவுக்கு வந்தபோது வான் நோயாளியாக இருந்தது. பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு லைட் மஞ்சளாகும். ஃபேன் சோம்பும். பிரிட்ஜ் உறுமித் தொடங்கி உடனே நிற்கும். இன்வேர்ட்டர் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டுத் தானாக அணையும். மாமாதான் இப்போது வானை ஓட்டுகிறார். ஓட்ட மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் காலையில் பெட்டரியை அளந்து, “இது முடிஞ்சு” என்று சொல்லிப் புதியது பூட்டியிருக்கிறார்கள். பழையதையும் கழிவுக்குக் கொடுத்தாயிற்று. லீசிங் தவணைக்கு வைத்திருந்த காசு அது.

புதுப் பெட்டரியில் மூன்று இரவு நன்றாகப் போனது. நான்காவது இரவு பழைய கதை. பத்து நாளைக்கு என்று வந்த ஒரு சோடி இரண்டாம் நாளே மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு இடம் போனது.

“வித்துருவம்” என்று அம்மா சொன்னா. கோபத்தில் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொன்னா. ஒருவர் வந்து பார்த்தும் விட்டார். வயரிங் பழுது என்று தெரிந்ததும் விலையை அடியோடு குறைத்தார். அப்பா திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் கதிரையை ஓங்கி அடித்தார். அதற்குச் சொல் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் நான் புத்தளம் நானாவுக்குக் கோல் எடுத்தேன். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும், நானும். அவருக்கு இப்போது முழங்கால் ஏலாது, பஸ் ஏற மாட்டார். “வேற ஆள் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன். “நீங்க இருக்கீங்கதானே மகள்” என்றார். நான் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ‘சி’ எடுத்தவள். கலைப்பீடம். இதையெல்லாம் சொன்னேன். “எழுத வாசிக்கத் தெரியும்தானே? அது போதும்” என்றார். அன்று பின்னேரம் கற்பிட்டி பஸ்ஸில் கொண்டக்டரிடம் ஒரு சொப்பிங் பேக் வந்தது. உள்ளே ஒரு மல்டிமீட்டர், இரண்டு வயர் பூட்டிய ஒரு பழைய சிக்னல் பல்ப்.

*

நானாவின் முதல் பாடம்: “வானுக்குள்ள ரெண்டு குடும்பம் இருக்கு மகள். ஒன்டு என்ஜின் குடும்பம். மற்றது வீட்டுக் குடும்பம். ரெண்டையும் குழப்பிக்கொள்ளப்படாது.”

என்ஜின் பெட்டரியின் வேலை வானை ஸ்டார்ட் பண்ணுவது. வீட்டுப் பெட்டரியின் வேலை லைட், ஃபேன், பிரிட்ஜ். வான் ஓடும்போது மட்டும் ஒரு ரிலே இரண்டையும் சேர்த்துவிடும், என்ஜின் சார்ஜ் வீட்டுப் பெட்டரிக்கும் போகும். வானை நிறுத்தினால் ரிலே பிரித்துவிடும். இரவு முழுக்க ஃபேன் ஓடினாலும் காலையில் வான் ஸ்டார்ட் ஆவது அதனால்தான். அந்த ரிலேயைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு வேறு. கடைசியில் கண்ணால் இல்லை, காதால்தான் பிடித்தேன். மாமாவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ட்ரைவர் சீற்றுக்குப் பின்னால், தகரத்துக்குள்ளே, ஒரு ‘டிக்’.

மற்றவற்றையும் அப்படி ஒவ்வொன்றாகத்தான் பிடித்தேன். பியூஸ் பெட்டி கப் வைக்கிற தட்டுக்குப் பின்னால். சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டி உடுப்பு அலுமாரிக்குள். எந்தப் பியூஸ் எதற்கு என்று தெரியாததால், ஒவ்வொன்றாகக் கழற்றி எது சாகிறது என்று தங்கச்சியைக் கத்தச் சொன்னேன். “ஃபேன்!” “பம்ப்!” “ஒன்டும் நிக்கல்ல!” ஒன்றும் நிற்காத பியூஸ்தான் மிகவும் பயம். அது எதற்கென்று இரண்டு நாள் தெரியவில்லை. பின்கதவுக்கு வெளியே அப்பா பூட்டியிருந்த ஒரு லைட்டுக்கு என்று பிறகு தெரிந்தது. அந்த லைட்டின் பல்ப் எப்போதோ போயிருந்தது.

நிறத்தை நம்பவும் வழியில்லை. வழக்கமாக சிவப்பு பொசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். அப்பாவுக்குக் கறுப்பு வயர் முடிந்த இடத்தில் சிவப்பைப் போட்டு, நுனியில் மட்டும் ஒரு துண்டு கறுப்பு டேப் சுற்றியிருந்தார். உப்புக்காற்றில் பாதி டேப் கழன்று விழுந்துவிட்டது. அவருக்கு டேப் தேவையில்லை, எது எதென்று அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தேவை.

இரண்டாம் பாடம்: “நிக்கிற இடத்தில பிழையைத் தேடாதீங்க.”

இதை விளங்கிக்கொள்ள எனக்கு நேரம் எடுக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுக்க கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. எங்கட பக்கத்தில் சிரிப்பு குறைவு. ஏனென்றால் அந்தக் குலுக்கலில் எங்கட நுரைச்சோலை நிலக்கரி நிலையம் நின்றது. 900 மெகாவொட். அதைத் திரும்ப எழுப்ப நாட்கள் எடுத்தது, அதுவரை நாட்டுக்கே முறை வைத்து மின்வெட்டு. பிழை பாணந்துறையில், படுத்தது நுரைச்சோலையில். வானில் ஃபேன் சோம்பினால் ஃபேனையும், லைட் மங்கினால் லைட்டையும் பார்ப்பது, நுரைச்சோலைக்குப் போய் குரங்கைத் தேடுகிற வேலை.

மூன்றாம் பாடம்தான் எனக்கு ஆகப் பிடித்தது: “வேலை வாங்காம அளக்காதீங்க.”

அதாவது, ஒரு வயரில் முப்பது செம்பு இழை இருக்கிறதென்று வையுங்கள். இருபத்தொன்பது உக்கி அறுந்துவிட்டது, ஒன்றுதான் மிச்சம். மல்டிமீட்டர் வைத்தால் முழுசாக 12 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீட்டர் வயரிடமிருந்து கரண்ட் கேட்பதே இல்லை என்று சொல்லலாம். ஃபேனைப் போட்டதும் அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாமல் வோல்ட் விழுந்துவிடும். ஃபேனை நிறுத்தி மீட்டரை வைத்தால் திரும்பவும் 12. நானா பல்பை அனுப்பினது இதற்குத்தான். பல்ப் கரண்டைக் கேட்கும். நல்ல வயர் என்றால் பிரகாசமாக எரியும், உக்கின வயர் என்றால் மினுங்கும். சும்மா இருக்கும்போது எல்லா வயரும் நல்ல வயர்தான். பகலில் வானில் ஒரு பிழையும் தெரியாததற்கும் இதுதான் காரணம்.

*

நாலாம் நாள் இரவு எல்லாவற்றையும் போட்டேன். லைட், ஃபேன், பிரிட்ஜ். மொத்தம் பத்து அம்பியர் அளவு. நானா போனில் ஸ்பீக்கரில். தங்கச்சி டோர்ச் பிடித்தாள்.

பெட்டரியின் இரண்டு முனையிலும் நேராக வைத்தேன். 12.2.

பியூஸ் பெட்டியில் வைத்தேன். 10.7.

“நடுவில ஒன்டரை வோல்ட்ட யாரோ திங்கிறாங்க” என்றார் நானா. “இப்ப பொசிட்டிவ் பாதையை மட்டும் அளங்க. மீட்டரின் ஒரு கம்பி பெட்டரி பொசிட்டிவில, மற்றது பியூஸ் பெட்டிப் பொசிட்டிவில.”

0.2. அது பரவாயில்லையாம்.

“இப்ப நெகட்டிவ் பாதை.”

1.3.

நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஏர்த்” என்றார்.

கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பவும் வர வேண்டும். வாகனங்களில் திரும்பி வருவதற்கு அநேகமாகத் தனி வயர் போடுவதில்லை. வானின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. ஒரு போல்ட்டில் வயரை இறுக்கிவிட்டால் அது ஏர்த். அப்பா லைட், ஃபேன், பிரிட்ஜ், இன்வேர்ட்டர், சோலார் எல்லாவற்றையும் சேர்த்து, எங்கேயோ ஒரே ஒரு போல்ட்டில் உடம்போடு இறுக்கியிருக்கிறார். எல்லாரும் வீடு திரும்புகிற வாசல் அதுதான். அந்த வாசல் அடைபட்டிருக்கிறது.

நானா கணக்கும் சொன்னார். 1.3 வோல்ட், பத்து அம்பியர் என்றால் 13 வொட். எங்கட லைட்டுக்குப் போக வேண்டிய சக்தி ஒரு துருப்பிடித்த போல்ட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், சோலார் பெட்டியும் அதே வாசலால்தான் பெட்டரிக்குப் போகிறது. அதற்கு இடையில் உள்ள பழுது தெரியாது. தன் பக்கத்தில் வோல்ட் ஏறினதும் பெட்டரி நிறைந்துவிட்டதாக நினைத்து சார்ஜைக் குறைத்துவிடும். நிறைந்த ஈயப் பெட்டரி சும்மா இருக்கும்போது 12.7 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான். எங்கட பெட்டரி ஒருநாளும் நிறையவே இல்லை. கடைக்காரர் காலையில் பார்த்தது செத்த பெட்டரியாக இருந்திருக்காது, பட்டினி கிடந்த பெட்டரியாக இருந்திருக்கலாம். அது இப்போது எங்கே உருகிவிட்டதோ. அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

*

சரி, அந்த போல்ட் எங்கே?

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டரி நெகட்டிவ் வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது பிளைவூட் தரைக்குக் கீழே இறங்கி மறைந்துவிட்டது. தரை முழுக்கப் பிசின் போட்டு ஒட்டிய விரிப்பு. முழுவதையும் பிய்த்தால் திரும்பப் போடக் காசு வேண்டும்.

காலையில் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து, பின்கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினேன்.

“அப்பா, ஏர்த் போல்ட். இங்கயா?”

“ஓம்.”

“இல்லாட்டி இங்கயா?”

“ஓம்.”

“சீற்றுக்குக் கீழயா?”

“ஓம்.” பிறகு முகம் சுருங்கியது. தலையை ஆட்டினார். “மீன்” என்றார். “மீன்... மீன் பெட்டி.”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். “சரிப்பா, மீன் பெட்டி” என்றேன். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற ‘சரி’. அவர் கண் நிறைந்துவிட்டது. நான் அம்மாவைக் கூப்பிட்டு அவரை உள்ளே கூட்டிப்போகச் சொன்னேன். அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்ய மனம் வரவில்லை.

இரவு படுத்திருக்கும்போதுதான் பட்டது. மீன் அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது. ஆனால் ‘பெட்டி’? தங்கச்சியின் தாளில் பெட்டி என்ற சொல்லே இல்லை. அதோடு, அவர் அதைச் சொன்னபோது இடது கால் குதியால் நிலத்தைத் தட்டினார். கையையும் முகத்தையும் பார் என்று மிஸ் சொன்னதுக்கு நான் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருந்தாளிகள் வந்தால் அப்பா விடியவே கரைக்குப் போய் மீன் வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவருவார். அந்தப் பெட்டி எப்போதும் வைக்கிற இடம் ஒன்றுதான். பின்கதவுக்கு உள்ளே, இடது மூலை.

விடியும்வரை பொறுக்க முடியவில்லை. டோர்ச்சோடு போய் அந்த மூலையில் மட்டும் விரிப்பைக் கிளப்பினேன். பிளைவூட் கறுத்து ஊறியிருந்தது. நாலு ஸ்க்ரூ. பலகையைத் தூக்கினதும் பழைய மீன் வாடை முகத்தில் அடித்தது. கீழே ஒரு போல்ட். போல்ட் என்று ஊகிக்கத்தான் முடிந்தது. இரும்பு துருவாகப் பூத்திருந்தது, செம்பு வயரின் நுனி பச்சைத் தூளாக மாறியிருந்தது. விரலால் தொட்டேன். உதிர்ந்தது.

எங்கட ஊரில் உப்பைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாலாவியால் வந்தால் ரோட்டோரம் உப்பளம், வீட்டு ஜன்னல் கம்பியில் உப்பு, கேட்டில் உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். செம்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்க நடுவில் உப்புத்தண்ணி நின்றால், அதுவே ஒரு குட்டிப் பெட்டரி மாதிரி வேலை செய்து இரும்பைத் தின்னும். மூன்று வருஷமாக உருகின ஐஸும் மீன்தண்ணியும் சொட்டுச் சொட்டாக அந்த போல்ட்டில் விழுந்திருக்கிறது.

காலையில் அப்பாவிடம் அந்தத் துரு போல்ட்டைக் கையில் கொடுத்தேன். “இதைத்தானப்பா சொன்னீங்க?”

“ஓம்” என்றார்.

அந்த ‘ஓம்’ ஓமா இல்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவர் அந்த போல்ட்டை மத்தியானம் வரை கீழே வைக்கவில்லை.

*

திருத்துவது தேடுவதைவிட லேசு. முதலில் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஒதுக்கி வைத்தேன். இது எப்போதும் முதல் வேலை. உக்கின நுனியை வெட்டி, நல்ல செம்பு தெரிகிற வரை உரித்து, புது லக் போட்டு நசுக்கினேன். ஏர்த் இடத்தைத் தண்ணி படாத உயரத்துக்கு மாற்றினேன். பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, புது போல்ட் இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். அதோடு நானா சொன்னபடி, பியூஸ் பெட்டியிலிருந்து பெட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு தடித்த கறுப்பு வயரும் போட்டேன். இனி எல்லாரும் ஒரே வாசலை நம்பியிருக்கத் தேவையில்லை. இரவு அளந்தேன். 1.3 இருந்த இடத்தில் 0.1. ஃபேன் சத்தமே மாறிவிட்டது.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் அந்தத் தடித்த வயரை இழுக்கும்போதுதான் மற்றதைக் கண்டேன்.

இன்வேர்ட்டருக்குப் போகிற பொசிட்டிவ் வயர், கட்டிலுக்கு அடியில் ஒரு தகர ஓட்டையால் நுழைகிறது. ஓட்டையின் விளிம்பில் ரப்பர் இல்லை. வான் குலுங்கக் குலுங்கத் தகரம் வயரின் தோலை அரைவாசி அறுத்திருந்தது. அந்த வயரில் பெட்டரிப் பக்கத்தில் பியூஸும் இல்லை. போட்டோ எடுத்து நானாவுக்கு வட்ஸ்அப் பண்ணினேன். உடனே கோல் வந்தது. வழக்கமான பகிடி இல்லை. “அத இப்பவே கழட்டுங்க மகள்.”

பியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அந்தத் தோல் முழுசாக அறுந்து செம்பு தகரத்தில் பட்டிருந்தால், பெட்டரி தன்னிடமுள்ள எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டும். நூற்றுக்கணக்கான அம்பியர். வயர் சிவக்கும். மேலே பிளைவூட், அதற்கு மேலே மெத்தை, அதற்கு மேலே தூங்குகிற ஆட்கள். பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பியூஸ் இருந்திருந்தால் அது எரிந்து விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அதைச் செய்தது அப்பா. இந்த நாலைந்து நாளில் அவரின் கைவேலையைத் தொட்டுத் தொட்டு, ‘என்ன மூளையடா இந்த மனுஷனுக்கு’ என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷமாக யார் யாரோ பெற்ற பிள்ளைகள் அந்தக் கட்டிலில் படுத்தார்கள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். பேச்சே இல்லாமல் இருக்கிறவரிடம் பிழை சொல்லி என்ன பயன்? ஆனால் சொல்லாமல் விடுவதும் முந்தி சொன்ன அந்தச் ‘சரிப்பா’ மாதிரித்தான்.

வயர்த் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அறுந்த இடத்தைக் காட்டினேன். பியூஸ் இல்லை என்று சொன்னேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். மீன் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

*

புது வயர், ஓட்டைக்கு ரப்பர், பெட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ். எல்லாவற்றுக்கும் செலவான காசு அந்தப் புதுப் பெட்டரியின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

பிறகு ஒரு படம் வரைந்தேன். பழைய டியூட்டின் பின்பக்கத்தில், தமிழில். பெட்டரி இங்கே, ரிலே ட்ரைவர் சீற்றுக்குப் பின்னால், பியூஸ் பெட்டி கப் தட்டுக்குப் பின்னால், 10 அம்பியர் சிவப்பு லைட்டுக்கு, 15 அம்பியர் நீலம் பிரிட்ஜுக்கு, ஏர்த் இடது பின்மூலை. ஒவ்வொரு வயர் நுனியிலும் டேப் சுற்றிப் பெயர் எழுதினேன். முடித்ததை அப்பாவின் மடியில் வைத்தேன், சும்மா பார்க்கட்டும் என்று.

அவர் பேனையைக் கேட்டார். கையை நீட்டினார், அவ்வளவுதான். இடது கையால் பிடித்து, என் படத்தில் சோலார் பெட்டிக்கும் பெட்டரிக்கும் இடையில் நடுங்கி நடுங்கி ஒரு குறுக்குக் கோடு போட்டார். கோட்டின் நுனியில் ஒரு சின்னச் சதுரம். நான் போய்ப் பார்த்தேன். அலுமாரியின் கதவுச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு சுவிட்ச். சோலாரை மட்டும் தனியாக நிறுத்துவதற்கு. நாலு நாள் தேடியும் அது எனக்குத் தட்டுப்படவேயில்லை.

வானை விற்கவில்லை. ஆகஸ்டில் தலவிலவில் அது ஒரு குடும்பத்தோடு ஆறு இரவு நின்றது. பிரிட்ஜ் ஓடியது. ரெஜிபோம் பெட்டி இப்போது வெளியே, ஒரு தட்டின் மேல். படம் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. மற்றக் கோடுகளை எல்லாம் ஸ்கேல் வைத்துத் திருப்பிக் கீறினேன். அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு உங்கட வீட்டு மெயின் சுவிட்சுக்கு அடுத்தது என்ன என்று தெரியும்? தண்ணி டாங்கின் வால்வு எங்கே, மோட்டருக்குப் போகிற வயர் எந்தச் சுவருக்குள்ளே? எங்கட வீடுகளில் இதெல்லாம் யாரோ ஒருவரின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் வாய் திறந்து சொல்லக்கூடிய காலத்திலேயே பக்கத்தில் போய் இருந்து, ஒரு தாளை எடுத்து, கேட்டுக் கேட்டு வரைந்துவிடுங்கள். பிழையும் சேர்த்து.